சுகந்தி எனக்குத் தங்கச்சி முறையாம்

என் அன்புள்ள அப்பா,

நீங்கள் போய்ப் பத்து மாதமாகிறது. ஸ்கீவ நகரில் நீங்கள் இருந்த வீட்டில் இப்போது வேறு ஆட்கள். உங்கள் கதிரையை இங்கே விபோர்க் நகருக்குக் கொண்டுவந்து வைத்திருக்கிறேன். அதில் இருப்பதற்கு என் வீட்டுக்கு யார் வருகிறார்கள்?

நேசன் மட்டும் வருகிறான். என்னோடு படித்தவன், நீங்கள் ஒருநாளும் கதிரையில் இருக்கச் சொல்லாதவன். அவன் தங்கச்சி சுகந்தியைக் கட்டப்போகிறேன் என்று நான் வந்து நின்றபோது, கடல் கடந்து ஊருக்குத் தொலைபேசி எடுத்து, "அவை என்ன ஆக்கள்?" என்று விசாரித்தீர்கள். பிறகு என்னிடம், "எங்கட பரம்பரை என்ன, அவையின்ர என்ன?" என்றீர்கள். அதோடு முடிந்தது.

இப்போது கேளுங்கள். நானும் நேசனும் எச்சில் கொடுத்துச் செய்த மரபணுச் சோதனையின் முடிவு போன கிழமை வந்தது. தகப்பன் வழியில் இருவருக்கும் ஒரே கிளை. பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஈரான் பக்கத்து மலைகளில் ஆடு மேய்த்தவர்களின் எலும்புகளிலும் அதே அடையாளம் இருக்கிறதாம்.

நேசன் விழுந்து விழுந்து சிரித்தான். "இனி உன்னை மச்சான் எண்டு கூப்பிடேலாது. நாங்கள் பங்காளியள். சுகந்தி உனக்குத் தங்கச்சி முறை."

"அப்பா இருந்திருந்தா, நான் அப்பவே சொன்னன்தானே எண்டிருப்பார்," என்றேன்.

அவன் சிரிப்பு நின்றுவிட்டது. சுகந்திக்கு ஓகூஸ் நகரில் வளர்ந்த இரண்டு ஆண் பிள்ளைகள். எனக்கு? நீங்கள் கட்டிக்காத்த பரம்பரை ஐம்பத்து மூன்று வயதில் தனியே இருந்து, நேற்றைய சோற்றைச் சூடாக்கிச் சாப்பிடுகிறது. உங்களுக்கு வேறு மகன் இல்லை. அந்த மலையிலிருந்து இறங்கி இவ்வளவு தூரம் வந்த வழி என் வாசலில் நின்றுவிடும். இதற்காகவா விசாரித்தீர்கள்? பதில் சொல்ல வேண்டிய நேரத்தில் கண்ணை மூடிவிட்டீர்கள்.

"எனக்கு ஆரடா திவசம் செய்யிறது?" என்று நேசனிடம் கேட்டேன். கேட்கக்கூடாது என்றுதான் இவ்வளவு நாளும் இருந்தேன்.

"பங்காளி செய்யலாம்தானே. முதல்ல உன்ர கொப்பருக்குச் செய்து பழகுறன்," என்றான்.

அப்பா, சொல்லிவைக்கிறேன். வருடம் முடிந்து வரும் உங்கள் ஆட்டைத் திவசத்தன்று நேசன் தர்ப்பை அணிந்து என் பக்கத்தில் இருப்பான். பிண்டத்தை அவன் கையாலும் வைப்பிப்பேன். முகத்தைத் திருப்பாதீர்கள். எனக்குப் பிறகு உங்களுக்கு வைக்க வேறு கை இல்லை.

உங்கள் வழியில் கடைசியாக நிற்கும்
மகன்