நெடி போக ஊற்றிய தலைப்பால்

1943 டிசம்பர் 24, ஆவடி.

நேற்றுச் சாயங்காலம் கிறிஸ்துமஸுக்காக நான்கு தேங்காய் துருவித் தலைப்பால் பிழிந்தேன். சர்க்கரையும் ஏலக்காயும் போட்டு லேசாகச் சூடாக்கி இறக்கினேன். பாலாடை போலக் கெட்டியாக வந்தது.

பட்டாள முகாமில் தச்சு வேலை செய்யும் என் அண்ணன் சவரி, கூட்டாளி மாணிக்கத்தோடு வந்தான். கையில் லேபிள் இல்லாத ஒரு புட்டி.

"தொரைங்க குடிக்கிற ரம்மு. இத்த உன் பால்ல கலந்தா ஷோக்கா இருக்கும்" என்றான்.

முகர்ந்து பார்த்தேன். அண்ணன் மரத்துக்குப் பூசும் வார்னிஷ் நெடி அடித்தது.

"வேணாண்ணே" என்றேன்.

"நெடி அடிச்சா இன்னும் ரெண்டு கரண்டி பால் ஊத்தும்மா" என்று சிரித்தான்.

ஊற்றினேன். நெடி அடங்கிவிட்டது. இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு சொம்பு குடித்தார்கள்.

இன்று மத்தியானம், நல்ல வெயிலில், அண்ணன் சுவரைத் தடவிக்கொண்டு வீட்டுக்குள் வந்தான்.

"இன்னாம்மா, எல்லாம் பனி மூடினாப்ல கீது? உன் மூஞ்சியே தெரியல."

என் வீட்டுக்காரர் உடனே அவனை ரயிலேற்றிப் பட்டணத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பயப்படாத தங்கச்சி" என்றான். பாலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

அண்ணனும் என் வீட்டுக்காரரும் இன்னும் திரும்பவில்லை. நடுச்சாமப் பூசைக்கு மணி அடித்துவிட்டது. மாணிக்கத்தின் வீட்டுப் பக்கம் பெண்கள் ஓவென்று அழுகிறார்கள். நான் போய்ப் பார்க்க வேண்டும். பாலை ஊற்றியவள் நான், எந்த முகத்தோடு போவேன்?