பிலிம் இல்லாத படம்

என் வீட்டுக்காரருக்கு கெங்கம்மாள் எழுதுவது. முழங்கால் வலி தேவலையா? நான் சுகம்.

பேத்தி டீச்சர் பரீட்சையில் தேறிவிட்டாள். நான் பெங்களூரில் சமைத்துப்போடும் நம் பேரன் தீர்த்தகிரியோ, பிலிம் இல்லாத கேமராவே செய்துவிட்டான்! உள்ளே நகத்தளவு சில்லுதான் வெளிச்சத்தை வாங்குகிறதாம்.

நேற்று அதிகாரிகள் பார்க்க வந்தார்கள். படம் விழாவிட்டால் ஆராய்ச்சியையே நிறுத்திவிடுவார்கள் என்று பிள்ளை கேமராவைத் திரும்பத் திரும்பத் துடைத்தான். சோறு கொண்டுபோன என்னையே கேமரா எதிரில் உட்காரவைத்தான். ஸ்டூடியோ வழக்கப்படி மூச்சைப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருந்தேன்.

"ஆயா, மூச்ச வுடு! படம் எப்பவோ வந்துடுச்சி!"

"விளக்கே அடிக்கலியேடா?"

டிவியில் பார்த்தால், கன்னம் உப்பிக்கொண்டு நான்! அதிகாரிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஆராய்ச்சியைத் தொடரச் சொல்லிவிட்டார்கள்.

அந்தப் படம் டிவியில் மட்டும்தான் தெரியுமாம், தபாலில் அனுப்ப முடியாதாம். தபால்காரர் வந்துவிட்டார், முடிக்கிறேன். சாமை அரிசி கொஞ்சம் அனுப்புங்கள். அப்படியே மீசையை ஒதுக்கிக்கொண்டு போளூர் போய், காகிதத்தில் ஒரு போட்டோ எடுத்துப் போடுங்கள்.