புரூஜில் வெள்ளிக்கிழமை பூசை

வெள்ளி இரவு, குவைத், மங்காஃப்.

வேலைக்கு இன்டர்வியூ என்று பெல்ஜியம் போன என் வீட்டுக்காரர், இன்று புரூஜ் நகரத்தைப் போனில் சுற்றிக் காட்டினார். பழைய மணிக்கூண்டு, செங்கல் கோபுரத்தோடு மாதா கோயில். அவர் குரலில் இருந்த ஆசை எனக்குப் பிடிக்கவில்லை.

"அங்கேயே இருந்துருவிய போல," என்றேன்.

"சும்மா இரு. காலையில குளிச்சு, வெள்ளைச் சட்டை போட்டுப் பூசைக்கு ஓடுனேன். கோயில்ல ஒரு ஆளைக் காணல. பொறவுதான் நெனப்பு வந்துச்சு, இங்க பூசை ஞாயித்துக்கிழமைல்லா!"

சிரித்ததில் எனக்குப் புரையேறிவிட்டது. குவைத்தில் வெள்ளிதான் லீவு. ஞாயிறு பூசையையும் நாங்கள் அன்றே பார்த்துவிடுவோம்.

வேலை கிடைத்தால் பார்த்துக்கொள்ளலாம். மனுஷனுக்கு ஞாயிற்றுக்கிழமை இன்னும் வெள்ளியன்றுதான் வருகிறது.