வின்கோவின் காது

மார்ச் 3
எல்லாம் நான் முன்பே சொன்னதுதான். தங்கை மகள் தியாஷா, மாரிபோரில் காதுக்கருவி விற்கும் கம்பெனியில் சேர்ந்த அன்றே, "வார்த்தையில்தான் தகராறு வரும்" என்றேன். வந்துவிட்டது. கைபேசிச் செயலியில் தெரிகிற வார்த்தைகளை எழுதுவது அவள் வேலை. நான் எட்டாவதுதான், ஆனால் முப்பது வருஷம் பேருந்து ஓட்டிக்கொண்டே பேசியதைத் தொகுத்தால் ஒரு நூலகம் வரும்.

செயலியைத் திறந்ததும் மேலாளர் போஷ்த்யான் எழுதிய வரி: "காது மந்தமா? வா, ஒரு கை பார்ப்போம்!"

"சிரிச்சா கூச்சம் போயிடும்னு சொல்றாரு மாமா. வெள்ளிக்கிழமை வயசானவங்கள வச்சு சோதனை. அதுக்குள்ள இதவிட நல்லதா நான் எழுதணும். இல்லேன்னா வேலை நிரந்தரம் ஆகாது."

மார்ச் 4
கீழ்வீட்டு வின்கோவைப் பற்றிச் சொன்னேன். கரடியை வெறுங்கையால் விரட்டியவன். அந்த வரியைப் படித்ததும் கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டான்.

"ஏனாம்?"

"முன்பின் தெரியாதவன் 'வா, போ'ன்னு காதப் பத்திக் கேட்டா? டாக்டரே 'நீங்க'ன்னுதான் பேசுவாரு."

"சரி, அவரு யார் பேசறதக் கேக்க ஆசப்படறாரு?"

யோசிக்காமல் சொல்லிவிட்டேன். "பெண்டாட்டி பேசறத. அவ மெதுவாப் பேசுவா. இவன் எல்லாத்துக்கும் தலையாட்டுவான். போன வாரம் எதுக்கோ ஆமான்னான், வீட்டுக்கு ஒரு பூனை வந்துடுச்சு."

தியாஷா சிரிக்கவில்லை. குறித்துக்கொண்டாள்.

மார்ச் 6
வின்கோவையே சோதனைக்குக் கூட்டி வரச் சொல்கிறாராம் மேலாளர். இஸோலாவுக்குக் கடல் பார்க்கப் போய்விட்டான் என்றேன். திரும்ப ஒரு மாதம் ஆகும்.

மார்ச் 7
ஜெயித்துவிட்டாள்! அவள் வரி: "யாருடைய குரலை இன்னும் தெளிவாகக் கேட்க விரும்புகிறீர்கள்?" ஒரு பெரியவர் பொத்தானை அழுத்தும் முன் ஒரு பெயரை வாய்விட்டே சொன்னாராம். வேலை நிரந்தரம். போஷ்த்யான் கை கொடுத்தார். நூறு பேர் எழுந்து நின்று கைதட்டியதாக நான் காப்பிக்கடையில் சொல்லியிருக்கிறேன்.

கிளம்பும்போது கதவருகே நின்றாள். "அந்த வரிய வின்கோகிட்ட காட்டு மாமா. அத்தகிட்ட நான் எதுவும் சொல்லல."

மார்ச் 22
வலது காதில் கருவி. என் பெண்டாட்டி ஸ்தான்கா அடுப்படியில் தனக்குத்தானே பேசுகிறாள். என்னைத்தான் திட்டுகிறாள். இத்தனை வருஷமாகவா — தெரியாமல் போயிற்றே. நன்றாகத்தான் திட்டுகிறாள். பேப்பரைப் பிடித்துக்கொண்டு, பக்கம் திருப்பாமல், கேட்டுக்கொண்டே இருந்தேன்.

வின்கோ என்று யாரும் இல்லை. கீழே வீடே கிடையாது, சைக்கிள் நிறுத்துகிற இடம்.