பெர்கே காசின் ஓரத்துத் தழும்பு

திருமழிசை,
14-2-1993

அன்புள்ள மகன் நாகப்பனுக்கு அம்மா எழுதுவது. நானும் உன் தங்கை தாட்சாயிணியும் சுகம்தான், நீயும் படிக்கப் போன சீமையில் அந்தக் குளிரில் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க கெங்கையம்மனை வேண்டிக்கொள்கிறேன். எப்போதும் எழுதும் நீலக் காகிதத்தில் இந்த முறை இடம் போதாது என்று தாட்சாயிணி அவள் ஆபீசிலிருந்து வெள்ளைத்தாள் கொண்டுவந்து கொடுத்தாள். எட்டாவது வரை படித்தவள் நான், பிழை இருந்தால் பொறுத்துக்கொள். தாட்சாயிணிக்கு வானகரத்திலிருந்து ஒரு இடம் வந்திருக்கிறது, பையன் அம்பத்தூர் எஸ்டேட்டில் டர்னர், பங்குனியில் வந்து பார்க்கிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள், மாடம்பாக்கத்தில் கேட்டவர்களை வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். போன மழையில் ஒழுகின இடத்தில் ஓடு மாற்றியாகிவிட்டது. எனக்கு இருமல் கொஞ்சம் இருக்கிறது, பட்டறைத் தூசிதான், வேறொன்றும் இல்லை. வீட்டுச் சேதி இவ்வளவுதான். இனி நான் எழுத உட்கார்ந்த விஷயத்துக்கு வருகிறேன்.

நீ அனுப்பிய பத்திரிகைப் பக்கம் பத்து நாளைக்கு முன்பு வந்தது. அங்கே காசு சேர்ப்பவர்கள் சங்கத்தில் போடும் பத்திரிகை, நம் பழங்காசுகள் அதில் வந்திருக்கின்றன, போட்டோவைப் பார் அம்மா என்று நீ எழுதியிருந்தாய். போட்டோவைப் பார் என்றுதான் எழுதினாய், படிக்கச் சொல்லிக் கேள் என்று எழுதவில்லை, அது எனக்கு அப்போது உறைக்கவில்லை. சந்தோஷத்தில் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. மறுநாள் அதை மடித்து எடுத்துக்கொண்டு பித்தளை உருக்கும் நம் பட்டறைக்குப் போய் ஒருவர் விடாமல் காட்டினேன். கூட வேலை செய்யும் பூங்காவனம், இன்னாக்கா நம்ம ஸ்கிராப்பு சீமைக்குப் போயி போட்டோ புடிச்சிகினு கீது என்று சொல்லி அப்படிச் சிரித்தாள். முதலாளி ஜானகிராமன் கண்ணாடி போட்டுக்கொண்டு முழுதும் படித்தார். நல்லா கீது கெங்கம்மா, பத்திரமா வெச்சிக்கோ என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார், என் முகத்தைப் பார்க்கவில்லை. வேலை மும்முரம் என்று நினைத்துக்கொண்டேன். சாயங்காலம் தாட்சாயிணியைப் படித்துத் தமிழில் சொல்லச் சொன்னேன். பாதி வரைக்கும் சொன்னவள் நிறுத்திவிட்டு, உட்டுடும்மா, மீதி இன்னாத்தையோ எழுதிகினு கீறாங்க, எனக்கே புரியல என்றாள். டைப்பிஸ்ட் வேலை செய்கிறவளுக்குப் புரியாத இங்கிலீஷா என்று அதட்டினேன். அப்புறம் அழுதுகொண்டே சொன்னாள்.

இந்தக் காசுகளை உன் தாத்தா யுத்த காலத்தில் பட்டாளத்து அதிகாரியாக இருந்தபோது அந்தந்த ஊரில் தேடித் தேடி வாங்கினாராம். பரம்பரையாக வீட்டில் இருந்தவையாம். இதை நீயே சொன்னதாகப் போட்டிருக்கிறது. அம்மா என்ற வார்த்தை அந்தப் பக்கத்தில் எங்கேயாவது இருக்கிறதா என்று தாட்சாயிணியை இரண்டு தரம் தேடச் சொன்னேன், இல்லை. உன் தாத்தா வேம்புலி குத்தம்பாக்கத்தில் அடுத்தவர் நிலத்தில் ஏர் ஓட்டினவர். யுத்தத்தின்போது ஆவடியில் வெள்ளைக்காரன் கேம்பு கட்டினான், அதற்குக் கூடையில் மண் சுமந்தார், யுத்தத்துக்கும் அவருக்கும் அவ்வளவுதான் சம்பந்தம். செத்துப்போன மனுஷனுக்குச் சட்டை மாட்டி, துப்பாக்கி கொடுத்து, கப்பலேற்றி அனுப்பிவிட்டாய். அவர் கேட்டிருந்தால் சிரித்திருப்பார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உனக்கு மறந்திருக்காது, இருந்தாலும் எழுதுகிறேன். எண்பத்து நாலாம் வருஷம், நீ பத்தாவது படிக்கிறாய். வெளிநாட்டிலிருந்து டிரம்மில் வந்த பித்தளை ஸ்கிராப்பைக் கொட்டி, குழாய் ஒரு பக்கம் கைப்பிடி ஒரு பக்கம் என்று பிரித்துக்கொண்டிருந்தேன். சந்தேகமான துண்டை அரத்தால் ஒரு இழுப்பு இழுத்துப் பார்ப்போம், உள்ளே மஞ்சளாக இருந்தால் பித்தளை, சிவப்படித்தால் வெண்கலம். பச்சையாகக் களிம்பேறிய ஒரு வட்டத் துண்டு கையில் வந்தது, அதையும் ஓரத்தில் அழுத்தி ஒரு இழுப்பு இழுத்தேன், சிவப்படித்தது. அப்புறம்தான் திருப்பிப் பார்த்தேன். ஒரு பக்கம் ஒரு ஆளின் தலை, மறுபக்கம் இரண்டு தூண் வைத்த சின்னக் கோயில், அதற்குள்ளே நம் கெங்கையம்மன் மாதிரி உடம்பு இல்லாமல் கல்லும் தலையுமாக ஒரு அம்மன். அதை உலைக்கு அனுப்ப எனக்குக் கை வரவில்லை. முதலாளியிடம் கேட்டதற்கு, எடைக்கு எடை பித்தளைய போட்டுட்டு எத்துகினு போ, எனக்கு இன்னா என்றார். மறுநாள் ஒரு பித்தளை டம்ளரைக் கொண்டுபோய்ப் போட்டேன். அதற்கப்புறம் ஏழு வருஷம், டிரம்மில் எப்போது அந்த மாதிரிக் காசு கிடைத்தாலும் வீட்டிலிருந்து ஒரு சாமான் பட்டறைக்குப் போனது. சொம்பு போனது, தாம்பாளம் போனது, எனக்குச் சீராக வந்த குடத்தை வெட்டி வெட்டிக் கொண்டுபோனேன். அப்படிச் சேர்ந்தவைதான் நாற்பத்தோரு காசும். நம் வீட்டில் இன்றைக்கு எவர்சில்வரும் அலுமினியமும்தான் இருக்கிறது, வந்து பார்த்தால் தெரியும்.

அந்தக் காசுகளைப் படிக்கக் கற்றுக்கொடுத்தது நீதான், அதை நான் மறைக்க மாட்டேன். காசில் இருப்பது கிரேக்க எழுத்து என்றாய், வாசக்கால் மாதிரி இருந்ததைக் கணக்குப் பாடத்தில் வரும் பை என்றாய், லாடம் மாதிரி இருந்ததைக் கரண்ட் பாடத்தில் வரும் ஓம் குறி என்றாய். எழும்பூர் லைப்ரரிக்கு ஒரு வாரம் அலைந்து, காசு அடித்த ஊர் துருக்கிப் பக்கம், அதற்கு பெர்கே என்று பேர், காசில் எழுதியிருப்பது பெர்கே ஊர்க்காரர்களுடையது என்று கண்டுபிடித்துச் சொன்னாய். ரோம் ராஜா தலைய முன்னாடி போட்டாங்க, ஆனா பின்னாடி அவங்க ஊர் பேர உடல பாத்தியாம்மா என்று நீதான் சொன்னாய். அன்றைக்கே அந்தக் காசின் ஓரத்தில் இருந்த அரத் தழும்பைப் பார்த்து, இன்னாம்மா இப்புடி அறுத்து வெச்சிகினு கீற என்று கத்திவிட்டுச் சாப்பிடாமல் படுத்துக்கொண்டாய். அழாத நைனா என்று சொல்லி, புளித்த மோரில் உப்புப் போட்டுத் துணியை நனைத்து, அந்தத் தழும்பின் மேல் கட்டிவைத்தேன். ஈயம் பூசாத பித்தளைப் பாத்திரத்தில் மோர் இருந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா. பதினோரு நாள் தினமும் துணி மாற்றினேன், புதுச் சிவப்பு மறைந்து மற்ற இடம் மாதிரியே பச்சை பிடித்தது. நீ என் கழுத்தைக் கட்டிக்கொண்டாய். அதற்கப்புறம் ஒரு காசின் மேலும் நான் அரம் வைத்ததில்லை.

இப்போது அந்தப் பத்திரிகையில், இந்த ராஜா தலையோடு இந்த ஊர்க் காசு உலகத்திலேயே மூன்றோ நாலோதான் இருக்கிறது என்று போட்டுவிட்டு, ஓரத்தில் இருக்கும் தழும்பு ஆயிரத்தெழுநூறு வருஷத்துக்கு முன்பு ஒரு காசுக்கடைக்காரன் உலோகத்தைச் சோதிக்கப் போட்டது என்று ஒரு பெரிய படிப்பாளி எழுதியிருக்கிறாராம். காசை விடத் தழும்பைப் பற்றித்தான் அதிகம் எழுதியிருக்கிறார். தாட்சாயிணி அந்த இடத்தில் தன்னை மறந்து சிரித்துவிட்டாள். அந்தப் படிப்பாளி மேல் எனக்குக் கோபம் இல்லை, அவர் பாவம், கண்ணில் பட்டதை எழுதினார். நீ பக்கத்தில் நின்றுகொண்டு வாய் திறக்காமல் இருந்தாயே. யாரோ பேர் தெரியாத காசுக்கடைக்காரனுக்கு என் கை வேலையைத் தூக்கிக் கொடுக்க உனக்கு மனசு வந்தது, அம்மா போட்டது என்று சொல்ல மட்டும் வாய் வரவில்லை. ஏன் என்று எனக்குப் புரியாமல் இல்லை. உன்னோடு இருக்கிறவர்களின் அம்மாக்கள் குப்பை பிரிக்கிறவர்கள் இல்லை. என் கையில் இருக்கும் கருப்பு எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது என்று சின்ன வயதிலேயே நீ பள்ளிக்கூடத்துக்கு என்னை வர வேண்டாம் என்றாய், அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, பிள்ளை என்று விட்டுவிட்டேன். இது அப்படி இல்லை நாகப்பா. இது நம்ப வைத்துச் செய்த துரோகம். சீமைக்குக் கிளம்புகையில் அந்தக் காசுகளை நீ கேட்டபோது என் கிழிந்த புடவையில் ஒவ்வொன்றாகச் சுற்றி நான்தான் கொடுத்தேன். வேறு யாராவது இதைச் செய்திருந்தால் வீட்டு வாசலில் போய் நின்று நாலு கேள்வி கேட்டிருப்பேன். நீ இருக்கும் வாசலுக்கு எனக்கு வழி தெரியாது.

தாட்சாயிணி, நான் இங்கிலீஷ்ல டைப் அடிச்சு அந்த பத்திரிகை அட்ரசுக்கே போட்டுர்றேம்மா என்று இரண்டு நாளாகக் குதிக்கிறாள். வேண்டாம் என்று தடுத்து வைத்திருக்கிறேன். ஊரார் முன்னால் உன்னைப் பொய்யன் ஆக்க நான் பெறவில்லை. நீயே எழுது. சித்திரை பிறப்பதற்குள், இது என் அம்மா ஸ்கிராப்பில் எடுத்தது, தழும்பு அவள் போட்டது என்று அவர்களுக்கு எழுதி, அது அச்சில் வந்ததை எனக்கு அனுப்பு. எழுத முடியாது என்றால் நாற்பத்தோரு காசையும் திருப்பி அனுப்பிவிடு, அதற்கு மேல் நான் ஒன்றும் கேட்க மாட்டேன்.

இந்தக் கடிதத்தோடு ஒரு பொட்டலம் வரும். அதில் இருப்பது என் மூணு பட்டை அரம், அன்றைக்கு வைத்திருந்த அதே அரம். நேற்றுப் பூந்தமல்லி போஸ்டாபீசில் விசாரித்தபோது அங்கே இருந்தவர், ஏம்மா சீமைல அரம் கெடைக்காதா என்று கேட்டார். இந்த அரம் கிடைக்காது என்று சொன்னேன். யாராவது உன்னை நம்பவில்லை என்றால் அதன் முனையை அந்தப் பள்ளத்தில் வைத்துக் காட்டு, உட்காரும்.

குளிர் நாளில் காதை மூடிக்கொண்டு வெளியே போ, வெறும் ரொட்டியே தின்றுகொண்டிருக்காதே. என் வயிறு எரிந்தாலும் உன்னைச் சபிக்க எனக்கு வாய் வராது, அந்தத் தாய் உன்னை நோய்நொடி இல்லாமல் வைக்கட்டும், படிப்பை நல்லபடியாக முடித்துக் கொடுக்கட்டும். சித்திரைக்குள் என்று சொன்னதை மறக்காதே. எப்போதும் உன் அம்மா என்று மட்டும்தான் கையெழுத்துப் போடுவேன், இந்த முறை அங்கே காட்ட வசதியாக இருக்கட்டும் என்று முழுதாகப் போடுகிறேன்.

இப்படிக்கு,
கோ. கெங்கம்மாள்,
ஸ்கிராப் பிரிப்பவள், திருமழிசை,
நாகப்பனின் அம்மா.