தெர்மாகோல் கோயில்

வெள்ளிக்கிழமை.

ஞாயிற்றுக்கிழமை மேசைமேல் ஆடப்போகும் போர் விளையாட்டுக்காக, குண்டு விழுந்து இடிந்த மாதா கோயில் ஒன்றைத் தெர்மாகோலில் செய்து முடித்தேன். சுவரில் கரி பூசினேன். காய்ந்த காப்பித்தூள் சக்கையைத் தரையில் மண்ணாக ஒட்டினேன். விரலளவு பிளாஸ்டிக் சிப்பாய்கள் ஐந்து பேரை உள்ளே நிறுத்தினேன். இந்தச் சுவர் மறைவு இருந்தால் பாகூர் சேகரை இந்த முறையாவது ஜெயித்துவிடலாம்.

ஸ்டெல்லா வந்து பார்த்தாள். "இன்னாங்க, நம்ம ஊரு கோயில இடிச்சி வச்சிருக்கீங்க?"

அப்போதுதான் எனக்கே உறைத்தது. வட்ட ஜன்னல், ஒற்றைக் கோபுரம், எல்லாமே எங்களுக்குக் கல்யாணம் நடந்த கோயில். கை தானாகச் செய்திருக்கிறது.

"சும்மா வெளாட்டுக்குதான்டி" என்றேன். சாப்பிட உட்கார்ந்தோம்.

கை கழுவிவிட்டு வந்தால், சிப்பாய்கள் கோயில் வாசலுக்கு வெளியே வரிசையாக நிற்கிறார்கள்.

"ஏன்டி எடுத்த?"

"கோயிலுக்குள்ள பூட்ஸோட நிக்கிறானுங்க."

பூட்ஸ் காலோடு சேர்த்து வார்த்தது. கழற்ற வராது. சிப்பாய்கள் முகத்துக்கு அடித்த தோல் நிறப் பெயிண்ட் கொஞ்சம் மீதி இருக்கிறது. காலையில் முதல் வேலையாக ஐந்து பேரையும் வெறுங்காலாக்க வேண்டும்.