வாசல் பாதையின் வெடிப்புகள்

அன்பு மகள் ரெனாட்டாவுக்கு அப்பா எழுதுவது.

நாங்கள் நலம், அங்கே பெர்த்தில் நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் நலமா என்று கேட்டுத் தொடங்குவதுதான் முறை. நீங்கள் நலமாக இருக்க வேண்டும், அதில் மாற்றமில்லை, நாங்கள் நலம் என்பதை மட்டும் இந்தத் தடவை என்னால் எழுத முடியவில்லை. போன் இருக்கும்போது எதற்குக் காகிதம் என்று நினைப்பாய். போன் வந்தால் அம்மா ஸ்பீக்கரில் போடு என்கிறாள், நான் எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போனால் என்ன ரகசியம் என்கிறாள், கால்தான் தகராறு செய்கிறதே தவிர காதுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதனால் பிசியோதெரபிப் பெண் டானிக்கா வந்து அவளுக்குப் பயிற்சி கொடுக்கும் நேரத்தில் நூலகத்துக்கு வந்து உட்கார்ந்து எழுதுகிறேன். ஏரிக் காற்று தொடங்கிவிட்டது, மேப்பிள் மரம் மொட்டை, அடுத்த வாரம் முதல் பனி என்று ரேடியோவில் சொல்கிறார்கள். அங்கே உங்களுக்கு வெயில் ஏறும் காலம், பிள்ளைக்குத் தொப்பி போடாமல் வெளியே விடாதே.

ஜூனில் நீ வந்திருந்தபோது சமையலறையில் நின்று நாம் இரண்டு பேரும் பேசியது நினைவிருக்கும். அம்மா யார் கையும் பிடிக்காமல் வாசல் பாதையில் நடந்து ரோட்டோரத் தபால் பெட்டி வரை போய், தபாலை எடுத்துக்கொண்டு திரும்பி வருகிற வரை வீட்டில் இருக்கட்டும், அது என்றைக்கு முடியாமல் போகிறதோ அன்றைக்கு முதியோர் ஹோம் பார்க்கலாம் என்று. நீ சொன்னாய், நான் தலையாட்டினேன். எனக்கு எழுபத்தெட்டு வயது, அவள் விழுந்தால் தூக்க முடியாது, பார்க்கின்சன் என்பது நின்று யோசிக்கிற நோயும் இல்லை, அதனால் நியாயமாகத்தான் பட்டது. கிளம்புகிற அன்று வாசல் பாதையில் பெட்டியை இழுத்துக்கொண்டு போகும்போது சக்கரம் வெடிப்பில் மாட்டிக்கொண்டது. இது என்னப்பா பாதையா பாம்புப் புத்தா, அம்மா இதுல தடுக்கி விழுந்தா இடுப்பு போயிடும், முதல்ல இதை அடைச்சுத் தொலைங்க என்று சொல்லிவிட்டுப் போனாய். எந்தப் பிள்ளையும் சொல்லக்கூடியதுதான், அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பின்னால் வருவதைப் படித்துவிட்டு உன் தலையில் போட்டுக்கொள்ளாதே.

செப்டம்பரில் வெயில் காய்ந்த நாட்களாகப் பார்த்து இறங்கினேன். நம் பாதை உனக்குத் தெரியும், கராஜ் வாசலில் கொஞ்சம் கான்கிரீட், அங்கிருந்து ரோடு வரை தார், ஒவ்வொரு குளிர்காலமும் தார் சுருங்கிக் குறுக்காக ஒரு வெடிப்பு விட்டு, இத்தனை வருடத்தில் ஏணிப் படி மாதிரி வரிசையாக ஆகியிருந்தது. முதலில் புல்லைப் பிடுங்கினேன், கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்தேன், இலை ஊதும் மெஷினால் தூசியை ஊதினேன். ஆழமான வெடிப்பில் நுரைக் கயிறு திணித்து மேலே ரப்பர் தார் ஊற்றி, அகலமானதில் தார்க் கலவை கொட்டி இடித்து இறுக்கினேன். கான்கிரீட் வெடிப்பை உளியால் அடிப்பக்கம் அகலமாக வெட்டிச் சுத்தம் செய்துவிட்டுச் சாந்து அடைத்தால்தான் பிடித்துக்கொள்ளும், நம் பக்கத்தில் முக்கால்வாசிப் பேர் அதைச் செய்யாமல் மேலே பூசிவிட்டு அடுத்த வசந்தத்தில் பெயர்ந்துபோச்சே என்று ஒப்பாரி வைப்பார்கள். நான் அப்படிச் செய்யவில்லை. கான்கிரீட் போட்டவர்களே இடையில் விட்டிருந்த கோடுகளைக்கூடச் சாம்பல் பசை போட்டு மட்டமாக்கினேன். கடைசியில் தார்ப் பகுதி முழுக்க மேல்பூச்சு இரண்டு கை. அம்மா கராஜ் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள், எலுமிச்சைத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாளே தவிர வேறு ஒன்றும் பேசவில்லை. எதிர்வீட்டு வெர்ன் வந்து, வழக்கம்போல என் பேரைச் சுருக்கி, ஏம்ப்பா கேஸ், இம்புட்டு வழவழன்னு போட்டிருக்கியே, எந்த ஊர் ஃப்ளைட்டு இறங்கப் போவுது என்றான். உண்மையைச் சொன்னால் எனக்குப் பெருமை தாங்கவில்லை, உனக்குப் படம் எடுத்து அனுப்பினேன், சூப்பர்ப்பா என்று பதில் போட்டாய்.

பூச்சு காய்ந்து, யாரும் மிதிக்காமல் குறுக்கே கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்த அன்று காலையில் தபால் வண்டி போனதும் அம்மா வழக்கம்போல மேல்கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். கராஜ் வாசலில் நின்றாள், நின்றவள் நின்றபடியே இருந்தாள். உடம்பு முன்னால் சாய்கிறது, பாதம் எழவில்லை, ஆணி அடித்தது போல. பூச்சு ஈரமாக இருந்து செருப்பு ஒட்டிக்கொண்டதோ என்று குனிந்து பார்த்தேன், ஒட்டவில்லை. என்னடி லொரேட்டா, நட என்றேன். முடியலை என்றாள். பூச்சு போடுற வரைக்கும் நடந்தவளுக்கு இன்னைக்கு என்ன வந்துச்சு என்று நான் குரலை உயர்த்தினேன், அதற்காக இன்றைக்கும் என் மேல் எனக்கே கோபம்தான். தரையே காணோம் கேஸ், கறுப்புத் தண்ணி மாதிரி கிடக்கு, எங்க காலை வைக்கிறது என்று சொல்லி அழுதாள். கைத்தாங்கலாக உள்ளே கொண்டுவந்தேன். மறுநாளும் அப்படியே, அதற்கடுத்த நாளும் அப்படியே. நோய் ஒரு படி இறங்கிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன், உன்னிடம் சொல்லவில்லை, சொன்னால் சமையலறைப் பேச்சுக்கு வந்துவிடுவாயே என்ற பயம்.

காரணம் தெரிந்தது தோட்டத்துக் குழாயால். காரைக் கழுவிவிட்டு ரப்பர் குழாயைச் சுருட்டாமல் குறுக்கே போட்டிருந்தேன். அன்றைக்கு அம்மா வாசலில் வந்து நின்று, அந்தக் குழாயைப் பார்த்து, காலைத் தூக்கித் தாண்டி, இரண்டு எட்டு விடுவிடுவென்று வைத்தாள், பிறகு நின்றுவிட்டாள். நான் ஓடிப்போய்க் கராஜிலிருந்து விளக்குமாற்றை எடுத்து அவள் காலுக்கு முன்னால் போட்டேன், தாண்டினாள். இலை வாரும் வாரியை எடுத்துப் போட்டேன், தாண்டினாள். பனி வாரும் மண்வெட்டியைப் போட்டேன், அதையும் தாண்டினாள். டானிக்கா வந்ததும் சொன்னேன். அந்தப் பெண் பாதையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மாத்தினீங்களா என்று கேட்டாள். இந்த நோயில் கால் தானாக நடக்கிற வழி அடைபட்டுப்போகும், கண் முன்னால் குறுக்கே ஒரு கோடு இருந்தால் சிலருக்கு அதைத் தாண்டுகிற சாக்கில் கால் எழும், இத்தனை நாள் அவங்க உங்க வெடிப்பைப் பிடிச்சுக்கிட்டுதான் நடந்திருக்காங்க என்றாள். அதாவது ரெனாட்டா, அவள் நடந்த படிகளை ஒவ்வொன்றாக நானே மண்டியிட்டு அடைத்திருக்கிறேன், அதுவும் இனி முப்பது வருடத்துக்கு அசையாதபடி.

அதைவிடப் பெரிய அடி டானிக்கா போன பிறகு விழுந்தது. உனக்கு இது தெரியுமா என்று அம்மாவிடம் கேட்டேன். தெரியும் என்று சொன்னாள். அவள் ஒவ்வொரு வெடிப்பாகத்தான் போவாளாம், இது ஆச்சு அடுத்தது, இது ஆச்சு அடுத்தது என்று. அப்படியானால் நான் அடைக்கும்போது வாயில் என்ன கொழுக்கட்டையா என்று கேட்டேன். சொன்னா என்ன ஆகும் கேஸ், கோடு இருந்தாத்தான் நடப்பாளாம், மூளை கலங்கிடுச்சுன்னு நீயும் உன் பொண்ணும் சேர்ந்து ஹோமுக்கு எழுதிக் கொடுத்திருப்பீங்க, சமையல்கட்டுல பேசுனது எனக்குக் கேக்கலைன்னா நெனச்சே என்றாள். பிறகு சொன்னாள், இல்லாமலும் நடந்துருவேன்னுதான் நெனச்சேன் என்று. ஒரு மனுஷி தன் வீட்டில் இருப்பதற்காக வாயைக் கட்டிக்கொண்டு தன் கால் போவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், அப்படி உட்கார வைத்தது நாம் இரண்டு பேரும்.

வெள்ளைப் பெயிண்டால் கோடு போட்டேன், புதுப் பூச்சு பிடிக்காமல் உரிந்து வந்தது. நாடா ஒட்டினேன், ஒரு மழைக்குத் தாங்கவில்லை, தாங்கினாலும் பனி வந்து மண்வெட்டி ஒரு தடவை இழுத்தால் போய்விடும். கடைசியில் தார் வெட்டும் ரம்பத்தை வாடகைக்கு எடுத்து வந்து, ஆனமட்டும் அழகாக அடைத்த பாதையில் குறுக்கே வெட்ட ஆரம்பித்தேன். தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. வெர்ன் வந்து, கிழவனுக்குக் கிறுக்கு முத்திப்போச்சுடா என்றான். விஷயத்தைச் சொன்னேன். நேர்க்கோடு அடிக்கும் சாக்கட்டிக் கயிற்றின் ஒரு முனையை எடுத்துப் பிடித்துக்கொண்டான், அன்று முழுக்க ஒரு கேலியும் அவன் வாயிலிருந்து வரவில்லை. வெட்டிய பள்ளத்தில் வெள்ளைச் சாந்து அடைத்தோம். இந்தக் குளிரில் ஓரமாகத் தண்ணீர் இறங்கி உறைந்து பாதையைப் பிளந்துவிடும் என்று எனக்குத் தெரியும். பிளக்கட்டும்.

நான் உன்னிடம் மறைக்காமல் எழுதுகிறேன், அது போதவில்லை. அம்மா நடக்கிறாள், நாலு கோடு தாண்டுகிறாள், ஐந்தாவதில் முழங்கால் நடுங்கி நின்றுவிடுகிறாள், பிறகு நான் போய்த் திருப்பிக் கூட்டி வருகிறேன். உட்கார்ந்தே கிடந்த அந்த வாரங்களில் தொடையில் இருந்த பலம் வடிந்துவிட்டது, இந்த நிலையில் போனது முழுக்கத் திரும்பும் என்று வாக்குக் கொடுக்க முடியாது என்கிறாள் டானிக்கா. நாம் பேசியபடி பார்த்தால் கணக்கு முடிந்துவிட்டது. அதனால் அம்மாவிடம் மருந்துக் கடைக்கு என்று சொல்லிவிட்டு நாம் பார்த்து வைத்திருந்த ஹோமுக்குப் போனேன். நல்ல ஜனங்கள், சாப்பாடு நல்ல வாசனை, குறை சொல்ல ஒன்றுமில்லை. அறையிலிருந்து சாப்பாட்டுக் கூடத்துக்கு ஒரு நீளமான நடைபாதை, ஒரே நிறம், ஒரு கோடு இல்லை, மெழுகு போட்டுப் பளபளவென்று கிடக்கிறது. தரையைப் பார்த்தீங்களா சார், யாரும் தடுக்கி விழவே மாட்டாங்க என்று அங்கே சுற்றிக் காட்டிய அம்மாள் பெருமையாகச் சொன்னாள். நாடா ஒட்டிக்கொள்ளலாமா என்று கேட்டேன். அறைக்குள்ளே ஒட்டலாம், பொது இடத்தில் ஒட்ட விதி இடம் கொடுக்காது என்றாள். நான் அந்த நடைபாதையிலேயே நின்றுகொண்டிருந்தேன் ரெனாட்டா, என் கால் நன்றாக இருந்தும் எனக்கு எழவில்லை. பிறகு எங்களுக்கு இடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். உன்னைக் கேட்காமல் சொன்னதற்கு நீ கோபப்பட்டால் படு.

இந்த வீட்டில் எப்படிச் சமாளிப்போம் என்று எனக்கு முழுக்கத் தெரியவில்லை. டானிக்கா வாரத்தில் இன்னொரு நாள் வருவதாகச் சொல்கிறாள், காலையில் எழுப்பிக் குளிப்பாட்ட ஒரு ஆளை மாதா கோயிலில் விசாரித்திருக்கிறார்கள், வெர்ன் மனைவி புதன்கிழமைகளில் முட்டைக்கோசும் நூடுல்ஸும் கொண்டுவந்து வைக்கிறாள். ஒரு தடவை நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து விழுந்தோம், யாருக்கும் எலும்பு முறியவில்லை, அடுத்த தடவையும் அப்படியே இருக்கும் என்று சொல்ல முடியாது. பயமாகத்தான் இருக்கிறது. அடுத்த ஜூனில் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாய், முடிந்தால் முன்னால் வா, பனியோடு பனியாக வா.

ஒன்று மட்டும் நீதான் செய்ய வேண்டும், என்னால் ஆகாது. சமையலறைப் பேச்சு செல்லாது, நீ எங்கேயும் போக வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அவள் நம்பவில்லை. நீ சொல்லுவே, உன் பொண்ணு சொல்லணுமே என்கிறாள். இன்னமும் தினமும் மேல்கோட்டை மாட்டிக்கொண்டு நடுங்க நடுங்க ஐந்தாவது கோட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள், நடப்பதற்காக இல்லை, பரீட்சையில் தேறுவதற்காக. ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்யும்போது, இன்னைக்குத் தபால் பெட்டி வரைக்கும் போயிட்டு வந்தேன் என்று சொல்வாள். அது பொய். ரொம்ப நல்லதும்மா என்று சொல்லிவிடாதே. போனா என்ன போகாட்டி என்ன, அது உன் வீடும்மா என்று சொல். ஸ்பீக்கரில்தான் இருக்கும், நானும் கேட்டுக்கொண்டிருப்பேன். அப்படிச் சொல்ல உனக்கு மனம் ஒப்பவில்லை என்றால் அந்த ஞாயிறு போன் செய்யாதே, எனக்கு எழுது.

கடவுள் உங்கள் மூவரையும் கண் போலக் காக்கட்டும். பேத்திக்கு அம்மாவும் நானும் முத்தம் தந்ததாகச் சொல். இந்தக் கடிதம் வந்ததைப் பற்றி அம்மாவிடம் மூச்சு விடாதே.

என்றும் உன் நலம் வேண்டும் அப்பா,
காசிமிர்